எந்தப் பாதி

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பையாகக் கட்டினேன். கட்டி முடித்துப் பார்த்தால் வசந்தாமணி தனக்கென்று வேறொரு பை கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறாள். நான் கட்டியதைப் பிரித்து என் துணிகளை மட்டும் திரும்ப அடுக்கினேன். ஒரு மணி நேரம் வீண்.

நாளை காலை ஐந்தரைக்கு வேன் வரும். கோவையில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து 'சனிக்கிழமை நடையர்' என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றரை வருடமாக அவர்களோடு நடக்கிறாள். நான் போனதில்லை. மில்லில் முப்பத்தைந்து வருடம் நூற்புப் பிரிவு மேஸ்திரியாக நடந்த நடை போதாதா, வேலை மெனக்கெட்டு வேறு நடக்க வேண்டுமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஐந்து நாள் நடை. முதல் இரண்டு நாள் சத்தியமங்கலம் மலையடிவாரப் பள்ளத்தாக்கு, பிறகு கோபி பக்கம் வாய்க்கால் கரை. நானும் பெயர் கொடுத்தேன். காரணம் இருக்கிறது.

27ஆம் தேதி வசந்தாமணி பெங்களூரில் எங்கள் மகள் சுகந்தி வீட்டுக்குப் போகிறாள். பார்த்துவிட்டு வர இல்லை, அங்கேயே இருக்க. போவதற்கு மட்டும்தான் டிக்கெட். இதை என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுகந்தி வாட்ஸப்பில் அனுப்பியபோதுதான் எனக்கே தெரியும். "அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா. நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. தேங்க்ஸ்ப்பா."

நான் எப்போது சரி என்றேன்? முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் வசந்தாமணி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இப்போது சொல்லியிருக்கிறாள், அதுவும் என் பெயரில். கேட்டால் சண்டையாகிவிடும் என்று கேட்கவில்லை. ஆனால் அவள் போகக் கூடாது. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? இந்த ஐந்து நாளில் ஏதாவது ஒரு மரத்தடியில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் இன்றும் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அவருக்கு வேறு வேலை இல்லை.

ஜனவரி 19, திங்கள்

ஒன்பது பேர். தலைவர் தண்டபாணி, பாங்க் மேனேஜராக இருந்தவர். மேல் உதடு தெரியாத அளவுக்கு மீசை. புறப்படும்போது பத்து நிமிடம் பேசினார். மீசைக்குள்ளிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு பார்த்தால் அவர் என்னைத்தான் குழுவுக்கு அறிமுகம் செய்திருக்கிறார். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன் போலிருக்கிறது. குழுவிலிருந்த எஸ்தர் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இவர்கள் நடப்பதில்லை, ஊர்கிறார்கள். ஒரு மீன்கொத்தியைக் கண்டால் கால் மணி. ஒரு கரட்டுக் குன்றைக் காட்டி அது யானை மாதிரி இல்லையா என்று கால் மணி. பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், அதைக் கடக்க வேட்டியை மடிப்பதற்கு ஒரு மாநாடு. நான் முன்னால் போய் முன்னால் போய் நின்று காத்திருந்தேன். ஏழு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். என் பிரிவில் ஒரு ஆள் இப்படி நடந்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன்.

வசந்தாமணி எஸ்தர் டீச்சரோடு கடைசியில் வந்தாள். இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாதவள்.

இரவுச் சாப்பாடு கிடைக்கவில்லை. சமையல்காரர் மாதேசுக்குப் போன் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். போட்டேன், பேசினேன், எல்லாம் சரி என்று சொல்லி வைத்தேன். ஏழு மணிக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. தண்டபாணி கூப்பிட்டுக் கேட்டால், "ஏனுங்க, அந்த மேஸ்திரி ஐயாகிட்ட நான் இன்னிக்கு வர முடியாதுங்க, நாளைக்கு வரட்டுங்களான்னு கேட்டனுங்க. அவருதான் சரி சரின்னாருங்க" என்கிறான். ஸ்பீக்கரில் போட்டு, என் காதோரம் பிடித்து, ஊருக்கே கேட்கும்படி சொல்ல வைத்தார். போனை எங்கே வைத்துப் பேசினானோ, வாயில் கொழுக்கட்டையோ, யார் கண்டது. ஒன்பது பேரும் பன்னும் வாழைப்பழமும் தின்று படுத்தோம். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

வசந்தாமணி மட்டும் பார்க்கவில்லை. தன் பன்னில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 20, செவ்வாய்

நடந்தோம். மாதேசு வந்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

மலையை விட்டு இறங்கி வாய்க்காலுக்கு வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் கதிர் பிடித்த நெல். கரையில் தென்னை வரிசை. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்றேன். பக்கத்தில் வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மதியம் எல்லோரும் தூங்கியபோது படித்துறையில் வசந்தாமணி தனியாக உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று போய் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். கட்டின பெண்டாட்டியிடம் பேசப் பயப்படுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இருபத்தேழாந் தேதி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். தோள் அசைந்ததால் சொன்னாள் என்று தெரிந்தது. பயணத்துக்கு ஏதாவது வாங்க வேண்டும், பை கட்ட வேண்டும், அப்படி ஏதோ இருக்கும்.

"சரி சரி, பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். சரி என்று சொன்னதற்கு ஒருத்தி இப்படிக் கோபப்பட்டால் நான் வேறு என்னதான் சொல்லித் தொலைப்பது? சாயங்காலம் முழுக்க என் பக்கமே வரவில்லை. எரிச்சலில் நான் தனியாக இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

இன்னும் இரண்டே நாள்.

ஜனவரி 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மறைத்து எழுதி இனி யாருக்குக் காட்டப் போகிறேன்.

காலையில் தண்டபாணி, "நீங்கதான் வேகமா போறீங்களே, முன்னால போயி வழி கேட்டு வைங்க" என்று என்னை அனுப்பினார். இதை மட்டும் எதிரே நின்று வாயைத் திறந்து சொன்னார். மதியச் சாப்பாடு வாய்க்காலுக்கு மறுபக்கம் ஒரு கோயில் மரத்தடியில். ஒரு சின்னப் பாலத்தருகே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். குனிந்தபடியே நிறையச் சொன்னார். பாலம் என்ற வார்த்தை கிடைத்தது. அது போதும் என்று தலையாட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்து மறுகரையில் வேகமாக நடந்தேன்.

மூன்று கிலோமீட்டர் போன பிறகு கரையே இல்லை. பெரிய ஓடை ஒன்று குறுக்கே வருகிறது. அதன் மேல் இருந்த பாலம் இடிந்து கம்பி நீட்டிக்கொண்டு கிடக்கிறது. வாய்க்காலின் எதிர்க்கரையில் நம் கூட்டம் ஊர்ந்து வந்து சேர்ந்தது. புல் அறுத்தவர் அவர்களிடமும் சொல்லியிருக்கிறார்: "அக்கட்டால போவாதீங்க, முன்னால பாலம் இடிஞ்சு கெடக்குது, இந்தக் கரையிலயே போயி அடுத்த பெரிய பாலத்துல கடந்துக்குங்க." எட்டுப் பேர் காதிலும் அது விழுந்திருக்கிறது.

அந்த இடத்தில் வாய்க்கால் ஓர் ஆள் உயரத்துக்குச் சரிந்து விழுகிறது. இறங்கிக் கடக்க முடியாத தண்ணீர். தண்டபாணி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். மீசை ஏறி இறங்குவதுதான் தெரிந்தது. பிறகு போனை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், டவர் இல்லை போலும். எஸ்தர் டீச்சர் துப்பட்டாவை வீசினார்கள். பக்கத்தில் நிற்பவர் பேச்சு அவர்களுக்கே கேட்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது, ஒருவர் காதில் ஒருவர் போய்க் கத்திக்கொண்டார்கள். எனக்கு அல்ப சந்தோஷம். இப்போது எல்லோரும் ஒன்று.

அப்போது வசந்தாமணி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கரை விளிம்பில் நின்று வலது கையால் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மேஸ்திரி.

முப்பது வருடமாகிறது அவள் கையில் அந்தச் சைகையைப் பார்த்து. நூற்புப் பிரிவில் நூல் நூற்கும் இயந்திரங்கள், பிரேம் என்போம், நூறு ஓடும்போது யாரும் காதால் பேச மாட்டோம். கையாலும் உதட்டாலும்தான் எல்லாம். நூல் அறுந்தால் ஒரு சைகை, பஞ்சு தீர்ந்தால் ஒரு சைகை, மேனேஜர் வந்தால் ஒன்று. மிச்சத்தை உதட்டில் படித்துக்கொள்வோம். வசந்தாமணி அங்கே சைடர், அதாவது பிரேம் பார்க்கும் தொழிலாளி. சுகந்தி வயிற்றில் வரும்வரை என் ஷிப்டில்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு நான் கேட்டதும் அவள் ஒத்துக்கொண்டதும் அந்த இரைச்சலுக்குள் சத்தமே இல்லாமல் நடந்தது.

பாலம் இல்லை, திரும்பிப் போங்க, என்றாள். சரி என்றேன். நான் திரும்பப் போகும்போது மறுபடியும் நெற்றியில் தட்டினாள். நின்றேன்.

வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, கையும் சேர்த்துக் கேட்டாள். "அன்னைக்கு ஏன் சரின்னீங்க?"

என்றைக்கு என்றேன்.

"சுகந்தி கூப்பிட்ட அன்னைக்கு. அடுப்படியில. நான் அங்கயே போயி இருந்துக்கட்டுங்களான்னு கேட்டன். நீங்க சரி சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டீங்க. ஒரு நிமிசம் நிக்கக்கூட இல்ல."

தீபாவளிக்கு முந்தின வாரம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகுதான் தெரிந்தது. ஏதோ கேட்கிறாள் என்று தெரிந்தது. சட்னிக்கு என்னவோ என்று நினைத்துச் சரி என்றேன்.

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல ஒரு நிமிடம் தோன்றியது. எந்தப் பொய்யும் கைக்கு வரவில்லை. காதைத் தொட்டேன். இரண்டு கையையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்தேன். பிரேம் நின்றுவிட்டது, ஓடவில்லை, என்பதற்கு அதுதான் சைகை. மறு காதையும் தொட்டு மறுபடி அதையே செய்தேன்.

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று கிலோமீட்டர் திரும்ப நடந்து, பாலத்தைக் கடந்து, மறுபடி மூன்று. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அதே இடத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு இரைச்சல் இல்லாத இடத்துக்குப் போய், என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தன வருசமா?"

"மூணு இருக்கும். நாலோ என்னமோ."

"அப்ப இத்தன நாளா நாஞ் சொன்னதெல்லாம்?"

"பாதி கேக்கும்."

"எந்தப் பாதிங்க?"



ஜனவரி 23, வெள்ளி

கடைசி நாள். எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். தண்டபாணி, "தண்ணி வேணுங்களா" என்று கேட்டதில் வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயின. கத்தினால் புரியாது, மீசையை வெட்டினால் புரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், ஆனால் மனதில் வைத்துக்கொள்வார்.

நான் முன்னால் போகவில்லை. வசந்தாமணி பின்னால் வந்ததால் நானும் பின்னால். அவள் என் வலப்பக்கம் வந்து, முகம் தெரிய நடந்து, கேட்காமல் போனதையெல்லாம் திரும்பச் சொன்னாள். அவள் அக்கா மார்பில் கட்டி என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. அது ஒன்றும் இல்லை என்று ஆனது. பயமும் நிம்மதியும் என் பக்கத்தில்தான் நடந்திருக்கின்றன, இரண்டுக்கும் நான் சரி சரி என்றிருக்கிறேன். புதன்கிழமை படித்துறையில் அவள் கேட்டது, "நான் இல்லாம நீங்க இருந்துக்குவீங்களா?" என்று. நான் சொன்ன பதிலை இங்கே மறுபடி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருந்துச்சுங்க. எஸ்தர் டீச்சர் இல்லாட்டி எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும். காது கேக்கலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கத்தியாச்சும் பேசியிருப்பன்."

"சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஊமையா இருக்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரி இல்லீங்களா?"

இதற்கு மேல் தாங்காமல் நான் கேட்டுவிட்டேன். "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. அப்பறமும் எதுக்குப் போகோணும்? போகாத."

வழியிலிருந்த பாலம் வரைக்கும் என்னை விட்டு முன்னால் நடந்தாள். பிறகு நின்று, என் எதிரே வந்து சொன்னாள். "நீங்க இப்பத்தான் சொல்றீங்க. நான் மூணு மாசமா அழுது, மனசத் தேத்தி, போறதுன்னு ஆயிட்டன். நேத்து ஒரு நாள்ல அத மாத்தச் சொன்னா எப்படிங்க? போறன். நீங்க மொதல்ல காதப் பாருங்க."

திரும்பி வருவாயா என்ற கேள்வி வாய்வரை வந்தது. வேன் வந்துவிட்டது. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. வேன் டிரைவரிடம் சத்தம் போட்டேன், அவன் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டான் என்று.

ஜனவரி 25, ஞாயிறு

காது டாக்டர் உட்காரச் சொல்வதற்கு முன்பே, "எந்த மில்லுங்க?" என்று கேட்டார். அவ்வளவு பேர் வருகிறார்களாம். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும், அளவெடுத்து வரப் பத்து நாள் ஆகும். பத்து நாளில் அவள் இங்கே இருக்க மாட்டாள். அவளும் கூட வந்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் என் முகத்துக்கு நேராகத் திரும்பச் சொன்னாள். எதற்கும் சரி என்று சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ரயில் நிலையம். ஏசி பெட்டி, திறக்க முடியாத கண்ணாடி. அவள் சூட்கேஸை மேலே வைத்துவிட்டு நான் இறங்கி வெளியே வந்து நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் கண்ணாடிக்குள் இருந்த பையனிடம் சாப்டியா, சார்ஜர் எடுத்தியா என்று தொண்டை கிழியக் கத்தியது. அவன் உள்ளேயிருந்து என்ன, என்ன என்று கையை விரித்தான். அந்த பிளாட்பாரத்தில் பேசிக்கொள்ள முடிந்தது எங்கள் இரண்டு பேரால்தான்.

பால்காரரிடம் சொல்லியாயிற்று, என்றாள். கேஸ் போன வாரம்தான் மாற்றியது, என்றாள். தயிருக்கு உறை ஊற்றி வைத்திருக்கிறேன், வெளியிலேயே வைத்துவிடாதீர்கள், என்றாள். ஒரு வார்த்தை தப்பாமல் எல்லாம் புரிந்தது.

வண்டி கிளம்பப் பச்சை விளக்கு விழுந்தது. வேன் வந்த அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டேன். "திரும்பி வருவியா?"

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு அதை எடுத்து, விரலால் ஒரு வட்டம் போட்டு, என்னைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். சைடர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போது பக்கத்துப் பிரேம்காரியிடம் காட்டுவது அது. என் பிரேமைப் பார்த்துக்கோ, வந்துடறேன். அதைக் காட்டிவிட்டுப் போய் வராமல் இருந்தவள் என் ஷிப்டில் ஒருத்தியும் இல்லை.

வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தபடி, "எப்போ?" என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினாள். வாயும் அசைந்தது. அதற்குள் ஒரு தூண் வந்து மறைத்துவிட்டது. தூணைத் தாண்டி ஓடிப் பார்த்தேன், அவள் பெட்டி முன்னால் போய்விட்டது.

மூன்று வாரமா, மூன்று மாதமா, தெரியவில்லை. ஒரு தூண் அரை அடி தள்ளி இருந்தால் குடியா முழுகிவிடும்? இரவு போன் பண்ணிக் கேட்க வேண்டும். போனில் எனக்கு ஒன்றும் விளங்காது. விளங்கவில்லை என்று சொல்லி மறுபடி கேட்க வேண்டும்.